உள்ளே ஆள் உண்டா?

பீங்கான் பட்டறைகள் வரிசையாக இருக்கும் செராமிக் எஸ்டேட்டுக்குள் பைக்கைத் திருப்பியதுமே குருமூர்த்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் வெள்ளைப் புழுதி. வேப்பிலை வெள்ளை, ஷெட்டுக் கூரை வெள்ளை, வெயிலில் காயப் போட்டிருந்த ஃப்யூஸ் கட்டைகள் வெள்ளை, அவற்றின் ஓரமாகப் படுத்திருந்த கறுப்பு நாயும் வெள்ளை. இந்த ஊரில் கம்ப்யூட்டர் வாங்குகிறவனைப் பிடித்து முதலில் உதைக்க வேண்டும் என்பது அவன் கட்சி. களிமண் தூள் புகாத கேபினெட் கிடையாது. புகுந்தால் ஃபேன் சுற்றாது, ஃபேன் சுற்றாவிட்டால் உள்ளே எல்லாம் வேகும், வெந்து முடிந்த பிறகு குருமூர்த்திக்குப் போன் வரும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கத்திரி வெயில். விருத்தாசலத்தில் கடலூர் ரோட்டில் அவன் சர்வீஸ் கடை. சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவனிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியவர்கள்தான். திருகாணியைக் கழற்றுவதற்கு முன்னால் முதலாளியைத் திட்டுவான். கழற்றிய பிறகு மெஷினைத் திட்டுவான்.

தான் பார்த்த கேடுகெட்ட மெஷின்களை டீக்கடையில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்வதில் அவனுக்குத் தனி சுகம். மங்கலம்பேட்டை டிராவல்ஸ் கடை மெஷினுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. முட்டை இருந்தவரைக்கும் ஓடிய மெஷின், அதைத் துடைத்துப் போட்டதும் படுத்துவிட்டது. பெண்ணாடத்து உரக்கடையில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், ஃபிளாப்பி போடுகிற வாயில் பொரிகடலையும் ஊட்டியிருந்தார்கள். இங்கே கோயிலுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக்கொண்டிருந்த மெஷினோ, பேட்டரி செத்துப்போய்த் தேதி மறந்து, வந்தவர்களில் பாதிப் பேருக்குச் செவ்வாய் தோஷம் அச்சடித்துக் கொடுத்தது. அதை நம்பிக் கல்யாணத்தை நிறுத்தின குடும்பங்களும் உண்டு. சரி, நல்ல கம்ப்யூட்டர் என்று எதையாவது பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால், இன்னும் யாரும் வாங்காததுதான் என்பான்.

அன்று அவனைக் கூப்பிட்டிருந்தவர் அறிவழகன். அப்பா செத்த பிறகு பட்டறையை எடுத்து நடத்துகிறவர். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்ததால் பட்டறையை ஃபாக்டரி என்று சொல்வார். பெங்களூரிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றும், சூளைப் பக்கம் இருக்கும் பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புதியது போட வேண்டும் என்றும் சொன்னார். கலரில் கிராஃப் ஓட வேண்டுமாம்.

சூளை ஓர் அறை அளவு இருந்தது. தடித்த செங்கல் சுவர், இரும்புக் கதவு. பக்கத்தில் தகரத் தடுப்புக்குள் மேஜை மேல் அந்த மெஷின். குருமூர்த்தி அதைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டான். பல் விளக்காதவன் பல்லின் நிறத்தில் கேபினெட். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஒரே ஒரு ஃபிளாப்பியில் உயிர் வாழ்கிறது. கீபோர்டில் எழுத்துகள் எல்லாம் புழுதியில் மூழ்கிக் கிடக்க, ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு எண்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டு மினுங்கின. இதை மியூசியத்துக்குக் கொடுத்தால்கூட வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போகச் சொல்வார்கள் என்றான் குருமூர்த்தி.

அது என்ன வேலை செய்கிறது என்று பர்னர் பார்க்கும் கொளஞ்சியப்பன் காட்டினார். சூளைக்குள் எவ்வளவு சூடு என்று அளந்து, எண்ணெய் பர்னரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதன் பொறுப்பு. அது சம்மதிக்காமல் காற்றடிக்கிற புளோயர் சுற்றாது. சம்மதிப்பதற்கு முன்னால் அது ஒரு கேள்வி கேட்கும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில்.

உள்ளே ஆள் உண்டா?

உண்டு என்றால் ஒன்று. இல்லை என்றால் பூஜ்யம். கொளஞ்சியப்பன் பூஜ்யத்தை அழுத்தினார். திரையில் விழுந்தது ஒன்று.

மறுபடி பூஜ்யத்தை அழுத்தினார். மறுபடி ஒன்று. அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. வெளியே பார்த்து, பாஞ்சாலையைக் கூப்பிட்டார்.

களிமண் பிசைந்துகொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சூளையின் கதவைத் திறந்தாள். இருட்டுக்குள் குனிந்து, வீட்டில் தூங்குகிற ஆளை எழுப்புவதைப் போலச் சொன்னாள்.

"ஏங்க, எழுந்து வாங்க. பத்த வைக்கப் போறாங்க."

சற்று ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். கொளஞ்சியப்பன் பூஜ்யத்தை அழுத்த, பூஜ்யமே விழுந்தது. குருமூர்த்தி பார்ப்பதற்காகத்தான் செய்து காட்டியது என்பதால், சுற்றத் தொடங்கிய புளோயரை உடனே அணைத்துவிட்டார்.

அறிவழகன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். பெங்களூர்க்காரர்கள் முன்னால் இந்தக் கூத்து நடந்தால் மானம் போய்விடும் என்றார்.

கதையைக் கொளஞ்சியப்பன் சொன்னார். கோடையில் பற்ற வைக்காத சூளைதான் எஸ்டேட்டிலேயே குளிர்ச்சியான இடம். வெளிச்சம் கிடையாது, ஈ கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் பாதி அடுக்கின சூளைக்குள் துண்டை விரித்துச் சற்று நேரம் கண்ணயர்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். பாஞ்சாலையின் புருஷன் பழமலை அப்படித்தான் ஒருநாள் பின்பக்கச் சந்தில் படுத்தான். மீதியை அடுக்க வந்தவர்கள் அவனைப் பார்க்கவில்லை. அடுக்கினார்கள், கதவைச் சாத்தினார்கள், பற்ற வைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அப்போதிருந்த சூப்பர்வைசர் கோவிந்தசாமி, தான் கற்றுக்கொண்ட கொஞ்சநஞ்ச கம்ப்யூட்டரை வைத்து, இந்தக் கேள்வியை மெஷினுக்குள் எழுதினார். எழுதின முதல் நாளே மெஷின் ஒன்று என்றது. கதவைத் திறந்து பார்த்தால் யாரும் இல்லை. சாத்தினால் மறுபடி ஒன்று. கடைசியில் பாஞ்சாலை வந்து கூப்பிட்ட பிறகுதான் விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

"பேய்க்குக் கீபோர்டு தட்ட எந்த சென்டர்ல சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டான் குருமூர்த்தி.

யாரும் சிரிக்கவில்லை. அது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. கீபோர்டைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினான். ஒரு கைப்பிடி களிமண் கொட்டியது. இதுதான் உங்கள் பேய் என்று காட்டினான். தன் பையிலிருந்து புத்தம் புதுக் கீபோர்டை மாட்டிப் பூஜ்யத்தை அழுத்தினான்.

ஒன்று.

கோவிந்தசாமி எழுதிய புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தான். குழந்தை எழுதியது போலச் சின்னப் புரோகிராம். பூஜ்யத்தை ஒன்றாக மாற்றுகிற வரி எதுவும் அதில் இல்லை. இன்னொரு தடவை படித்தான். இல்லை. வேறு எவனாவது இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். குருமூர்த்தி, பழைய குப்பைக்குக் காரணம் தேடுவது தன் வேலை இல்லை என்று வயர்களைப் பிடுங்கினான்.

அப்போது பாஞ்சாலை மேஜைக்குக் கிட்டே வந்து நின்றாள். அவள் இதுவரை அவனிடம் பேசவே இல்லை.

"சார், புது மெஷின்லயும் அந்தக் கேள்விய மட்டும் எழுதிடுங்க சார். கேக்காம பத்த வச்சா அவரு திரும்ப வெந்துடுவாரு."

"ஏம்மா, ஒரு தடவை வெந்த ஆளு திரும்ப எப்படிம்மா வேவாரு?"

அறிவழகன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மட்டும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"அவருக்கு வெந்தது தெரியாது சார். தூங்கிக்கிட்டு இருக்குறாரு."

அந்தக் கேள்வியை எழுதிச் சேர்க்க அவனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். செய்யவில்லை. இந்த ஊரின் முட்டாள்தனத்துக்கெல்லாம் தான் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்றான். பழைய மெஷினை அவளே தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் சாக்குகளுக்கு நடுவே வைத்தாள்.

புது மெஷின் பளபளவென்று ஏறி உட்கார்ந்தது. கலரில் கிராஃப் வந்தது. அறிவழகனுக்கு வாயெல்லாம் பல். மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பர்னர் ஓடும். கேள்வியும் இல்லை, கூப்பிடலும் இல்லை. அன்றைக்கு அடுக்கி வைத்திருந்த சரக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு இதிலேயே சுடுவது என்று முடிவாயிற்று.

ஒரே ஒரு கோளாறு. அந்தக் கொளுத்துகிற வெயிலில், சூளைக்குள் சூடு பூஜ்யத்துக்கும் கீழே என்று காட்டியது மெஷின்.

சூடு அளக்கும் கம்பி உள்ளே எங்கோ அறுந்திருக்கும் என்றான் குருமூர்த்தி. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கையில் டெஸ்டரோடு சூளைக்குள் நுழைந்தான். செல்போன் மேஜை மேலேயே கிடந்தது.

இருபக்கமும் தலைக்கு மேல் உயரத்துக்குச் சரக்கு அடுக்கியிருந்தது. நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. நாலடி உள்ளே போனதும் வெயிலின் ஞாபகமே போய்விட்டது. ஈரமண் வாசனை. அதற்கு அடியில் பர்னர் எண்ணெயின் கசப்பு. அதற்கும் அடியில், பல நாள் உடுத்திய துண்டின் வியர்வை நாற்றம். செங்கல் சுவரைத் தொட்டான். பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. கம்பியைத் தேடிக் கண்டுபிடித்தான். அது நன்றாகத்தான் இருந்தது. வெளியே எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வராமல் எதையும் பார்க்க முடியாது. குருமூர்த்தி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். காலை நீட்டியபோது எதிலோ இடித்தது. இருட்டில் உற்றுப் பார்த்தான். முழங்காலை மடக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒருவன் படுத்திருந்தான். பட்டப்பகலில் தூங்கவா இவன்களுக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டான். குளிர்ச்சி சுகமாக இருந்தது. கண் செருகியது.

கதவு சாத்துகிற சத்தத்தில்தான் விழித்தான்.

வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. இருட்டு முழுசாக இருந்தது. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியவில்லை. சந்தில் தடவித் தடவிக் கதவுக்குப் போனான். அடித்தான். உள்பக்கம் செங்கல் பதித்த கதவு. கை வலித்ததே தவிரச் சத்தம் எழவில்லை. கத்தினான். குரலைச் சுவர்கள் குடித்துவிட்டன.

பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

தனியாக இல்லை என்பதில் அவனுக்கு முதலில் தைரியம்தான் வந்தது. "யோவ், எழுந்திருய்யா. கதவைச் சாத்திட்டாங்க" என்று அதட்டினான்.

தூக்கக் கலக்கத்தில், மெதுவாக ஒரு குரல் பதில் சொன்னது.

"கேப்பாங்க சார். கேட்டதும் எழுந்து பூடலாம்."

குருமூர்த்தி கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டான்.

"எப்பவும் கேப்பாங்க. எம் பொஞ்சாதி வந்து கூப்புடும்."

வெளியே மோட்டார் உயிர் பெற்றது. கரண்ட் வந்துவிட்டது.

கேட்க மாட்டார்கள். கேட்க முடியாதபடி செய்தவன் அவனே. பளபளக்கும் அந்த மெஷினில் ஒரே ஒரு வரி குறைவு. அந்த வரி இல்லாததால் இந்நேரம் அறிவழகன் மவுஸின் மேல் கையை வைத்திருப்பார்.

புளோயர் சுற்றத் தொடங்கியது.

சுவரின் ஓட்டைகள் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. முதலில் வெறும் காற்றுதான் வரும், எண்ணெய் பிறகு. கொளஞ்சியப்பன் காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. குருமூர்த்தி கதவை நகத்தால் பிறாண்டினான். வாய்விட்டு அழுதான். அழுவதற்கு வெட்கமாக இல்லை.

அந்த ஆள் எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது. துண்டை உதறும் சத்தம். பிறகு, காதுக்கு மிக அருகில் அந்தக் குரல். இப்போது அதில் தூக்கம் இல்லை.

"இன்னிக்கு ஏன் சார் இன்னும் கேக்கல?"

எண்ணெய் வாசனை வந்தது.

"கேக்க மாட்டாங்களா சார்?"

ஒரு கை அவன் தோளைப் பற்றியது. பயந்த குழந்தை பிடிப்பது போன்ற பிடி. அந்தக் கை சூடாக இருந்தது. சட்டை வழியாகத் தோலைச் சுட்டது.

கதவு திறந்தது.

வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது பாஞ்சாலையின் முகம். குருமூர்த்தி அவள் காலடியில் போய் விழுந்தான். கொளஞ்சியப்பன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அறிவழகன், நீங்கள் டீ குடிக்கப் போய்விட்டீர்கள் என்றுதான் நினைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்க்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. இத்தனை வருஷமாக மெஷின் கேட்டுக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள்.

உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறார், அவரை எடுங்கள் என்று குருமூர்த்தி அலறினான். கொளஞ்சியப்பன் டார்ச்சோடு போய் வந்தார். யாரும் இல்லை. அவன் சாய்ந்து உட்கார்ந்த இடத்துக்கு அந்தப் பக்கம் சரக்கு சுவரோடு சுவராக அடுக்கியிருக்கிறது என்றும், அங்கே ஒரு பூனைகூடப் படுக்க முடியாது என்றும் சொன்னார்.

அவன் தோளில் சட்டை பழுப்பேறிக் கருகியிருந்தது. அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாஞ்சாலைக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகுதான் கேட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஸ்டோர் ரூமில் அந்த மெஷினின் புழுதியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அதற்கு வயர் கிடையாது, கரண்ட் கிடையாது. திரையில் பச்சையாக ஒன்று என்று வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு ஒன்று வந்தது. அதைக் கண்டதும் ஓடி வந்திருக்கிறாள்.

குருமூர்த்தி ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். யாரும் சொல்லாமலே எழுந்து போய், புது மெஷினைக் கழற்றி ஓரமாக வைத்தான். பழையதைத் தூக்கி வந்து மேஜை மேல் உட்கார வைத்து, கைக்குட்டையால் அதன் திரையைத் துடைத்தான். தன் ஆயுசில் பார்த்த மெஷின்களிலேயே நல்லது இதுதான் என்று அவன் மனசு ஒப்புக்கொண்டது. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. வயர்களை மாட்டி, ஃபிளாப்பியைச் செருகினான். பச்சை எழுத்து மெதுவாக எழும்பியது. உள்ளே ஆள் உண்டா?

கொளஞ்சியப்பன் பூஜ்யத்தை அழுத்தினார். ஒன்று விழுந்தது. பாஞ்சாலை போய்க் கதவைத் திறந்தாள்.

"ஏங்க, எழுந்து வாங்க. பத்த வைக்கப் போறாங்க."

வழிவிட்டு நின்றாள். கதவைச் சாத்தினாள். கொளஞ்சியப்பன் பூஜ்யத்தை அழுத்தினார்.

ஒன்று.

இதுவரை அவள் கூப்பிட்ட பிறகு அப்படி ஆனதே கிடையாது. கொளஞ்சியப்பனின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது. பாஞ்சாலை மறுபடி திறந்து, மறுபடி கூப்பிட்டாள். ஒன்றுதான். மெஷினின் ஃபேன் மட்டும் களிமண்ணை அரைத்துக்கொண்டு சுற்றியது.

பாஞ்சாலை திரும்பிக் குருமூர்த்தியைப் பார்த்தாள். தலை முதல் கால் வரை, நெடுநேரம் பார்த்தாள். அவள் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் அவனை உறைய வைத்தது. அவள் மூன்றாம் தடவையாகக் கதவைத் திறந்து, இருட்டுக்குள் குனிந்தாள்.

"ஏங்க, பக்கத்துல படுத்திருக்குற சாரையும் எழுப்பி இட்டுக்கிட்டு வாங்க."

இந்தத் தடவை அவள் நன்றாக ஒதுங்கி, இரண்டு பேர் போகிற அளவுக்கு வழிவிட்டு நின்றாள். கதவைச் சாத்தினாள்.

கொளஞ்சியப்பன் பூஜ்யத்தை அழுத்தினார். பூஜ்யம் விழுந்தது. புளோயர் சுற்ற ஆரம்பித்தது.

குருமூர்த்தி வேப்பமரத்தடியில், அவர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தான். பைக்கை எடுக்கப் போகவில்லை. பாஞ்சாலையிடம் வந்து, கும்பிடுவது போலக் கைகளைச் சேர்த்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"ஒவ்வொரு தடவையும் என்னையும் கூப்புட்டுடுங்கம்மா. மறந்துடாதீங்க."